குழாயைச் சாய்த்தால்

செக்காலை ரோட்டில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில்
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி.
அதன் முன்னால் நின்று
காரைக்குடியின் ரத்தம் நூலாகும் நேரத்தை
விநாடிக் கணக்கில் சொல்வதற்கு எனக்குச் சம்பளம்.

நீலமூடிக் குழாய்க்குள் சிட்ரேட்.
ரத்தத்தின் சுண்ணாம்பை அது கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ளும்.
சுண்ணாம்பு இல்லாத வெற்றிலை சிவக்குமா?
அப்படித்தான். உறைவதா வேண்டாமா என்று
ரத்தம் யோசித்துக்கொண்டே கிடக்கும்.

சுழற்றித் தெளிந்த மஞ்சளில் மருந்தை விட்டு,
பிடித்து வைத்த சுண்ணாம்பைத் திருப்பிக் கொடுத்து,
கடிகாரத்தை அமுக்கிச்
சாய்க்கிறேன். நிமிர்த்துகிறேன். சாய்க்கிறேன்.
தண்ணீர். தண்ணீர். தண்ணீர்.
பிறகு, தண்ணீர் இல்லை.
பதினோரு வருஷமாக அந்த ஒரு விநாடி
எனக்குப் பழகவே இல்லை.

நல்ல உடம்புக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று.
சேவுகனுக்கு முப்பதாவது வேண்டும்.

புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்.
நெஞ்சில் உலோக வால்வு வைத்த பிறகு
மூட்டை வாய் தைக்கிறார்.
பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் கேட்கும்.
"பேங்க் கடிகாரத்தோட படுக்க முடியாதுன்னு
எம்பொண்டாட்டி திரும்பிப் படுத்துக்கிறா" என்பார்.
உலோகத்தைத் தொட்டால் ரத்தம்
காயமென்று நினைத்துக் கட்டுப்போட ஓடிவரும்.
அதைத் தாமதிக்க வைக்கத் தினமும் ராத்திரி ஒரு மாத்திரை.

இன்றைக்குப் பத்தொன்பதிலேயே நூல் விழுந்துவிட்டது.

"அண்ணே, கீரையா?"
தலையைச் சொறிகிறார்.
பள்ளத்தூரில் மச்சினன் மகள் கல்யாணம்.
மூன்று நாள் முருங்கைக்கீரை.
மாத்திரை மஞ்சப்பையிலேயே இருந்துவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருக்கையில் கேட்டார்:
"கோணூசி கையில ஏறுனா ரத்தம் நிக்கணும்ல?
ஒறையுறது நல்லதுதானம்மா?"

நல்லதுதான்.
குத்திய இடத்தில் குழாய் சுருங்கும்.
தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு ஆள் கூப்பிடும்.
ஒன்று பத்தை எழுப்ப, பத்து ஆயிரத்தை எழுப்ப,
கரைந்து கிடந்த புரதம் இழையாகிப் பின்னிக்கொள்ளும்.

"வந்தவன்லாம் எப்பக் கெளம்புவான்?"
கல்யாண வீட்டில் பாய் விரித்துக் களைத்தவரின் கேள்வி.

அங்கேதான் உடம்பின் சாமர்த்தியம் என்றேன்.
எழுப்பிவிட்டவனே காயத்தைத் தாண்டி
நல்ல சுவரைத் தொட்டதும் கட்சி மாறிப்
போதும் போதுமென்று கையமர்த்துவான்.
காயம் ஆறியதும் பின்னலைப் பிரிக்க இன்னொருவன்,
முதலிலேயே பின்னலுக்குள் உட்கார்ந்திருப்பான்.

சேவுகன் சட்டைப்பையிலிருந்து சணல்துண்டை எடுத்தார்.
"எங்க தையலும் அதேதான்.
சரியான முனையப் புடிச்சு இழுத்தா
மொத்தமும் சர்ர்ருன்னு வந்துரும்.
தப்பு முனைன்னா கத்திதான்."

டாக்டர் சொன்ன அளவை எழுதிக் கொடுத்தேன்.
கீரையை விட வேண்டாம், தினமும் ஒரே அளவாக என்றேன்.
பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னேன்.

ஆறரைக்குக் கதவைச் சாத்திவிட்டு
என் குழாயை வைத்தேன்.
அவசியமில்லை. டாக்டர் கேட்கவும் இல்லை.

குழாயில் என் ரத்தம் சோம்பேறி.
நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று.
உறையாத வியாதி என்றுதான் நானே முதலில் நினைத்தேன்.
உடம்புக்குள் அவள் அவசரக்காரி.
காயமே இல்லாத இடத்தில் கட்டுப்போட்டு
நச்சுக்கொடியின் நூல்வழிகளை
இரண்டு தடவை அடைத்துவிட்டாள்.
பத்தாவது வாரம். பதினாலாவது வாரம்.
எந்த முனையை இழுப்பதென்று
அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது காலையும் மாலையும் வயிற்றில் ஊசி.
குத்திய இடமெல்லாம் நாவல்பழக் கறை.
இருபத்திரண்டாவது வாரம்.

சாய்க்கிறேன். நிமிர்த்துகிறேன்.
தண்ணீர். தண்ணீர்.
கறைகளுக்குக் கீழே, இடப்பக்கம்,
பட்டென்று ஓர் உதை.

பார்த்தால்,
கடிகாரம் பூஜ்யத்திலேயே நிற்கிறது.
அமுக்கவே இல்லை.
குழாயில் நூல் விழுந்திருக்கிறது.
நோட்டில் எழுத எண் இல்லை.