இன்னொரு காது

கல்யாண ரவிக்கை. வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள்.
முதுகில் ஒரு மயில். அதன் கழுத்துக்கு மட்டும்
பச்சைப் பாசி நூற்றுப் பன்னிரண்டு.
காலையில் எண்ணிக் கிண்ணத்தில் வைத்தேன்.
மத்தியானம் ஒன்று குறைந்தது.

பாய்க்கடியில் தேடினேன், ஃபிரேமின் இடுக்கில் தேடினேன்.
அகரன் தலையை ஒரு பக்கம் சாய்த்து
சுவரோரமாக நடந்துகொண்டிருந்தான்.
"எங்கடா?"
வலது காதைக் காட்டினான்.

செல்போன் விளக்கை அடித்தேன்.
உள்ளே ஆழத்தில் ஒரு பச்சைப் புள்ளி
என்னைத் திரும்பிப் பார்த்தது.

முதுநகரில் ஒரு பிள்ளை அழுதால்
நாலு வீட்டுக் கதவு திறக்கும்.
எண்ணெய் காய்ச்சி விடு.
தண்ணி ஊத்திக் கவுத்துப் பிடி.
செங்கொடி தன் கொண்டையிலிருந்தே
ஊசியை உருவி நீட்டினாள்.
தீக்குச்சி முனையில் பெவிக்விக் தொட்டு
ஒட்டி இழுக்கலாம் என்றான் மாடிவீட்டுப் பையன்,
பாலிடெக்னிக் படிக்கிறவன்.

அப்புறம் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.
கரண்ட் போன இரவிலும் நூல் கோக்கிற கை.
என் ஆரி ஊசியின் முனையில்
எறும்பின் பல்லளவு ஒரு கொக்கி உண்டு.
இதற்கென்றே அடித்த ஊசி என்று
எனக்கும்தான் தோன்றியது.

அவன் தலையை மடியில் வைத்து
ஊசியை எடுத்தேன்.
அவன் தும்மினான்.

அவ்வளவுதான்.
ஆடிய தலையையும்
ஆடாமல் நின்ற ஊசியையும் பார்த்தேன்.
ரவிக்கையில் தவறினால் பிரித்துத் தைக்கலாம்.

ஊசியை மயிலின் வயிற்றில் குத்திவிட்டு
குப்புராஜின் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

லாரன்ஸ் ரோட்டில் நெரிசல்.
அவன் விரல்களை என் உள்ளங்கைக்குள் பூட்டி வைத்திருந்தேன்.
கெடிலத்துப் பாலத்தில் குப்புராஜ் கேட்டார்,
"தலைய நாலு தட்டு தட்டிப் பாத்தீங்களா?"
"நீங்க ரோட்டப் பாருங்க."

மஞ்சக்குப்பம், பெரியாஸ்பத்திரி.
டாக்டரம்மா முதலில் கேட்டது:
"பாசிதானா? பட்டன் பேட்டரி இல்லையே?"
பேட்டரி என்றால் உள்ளே வெந்துபோகுமாம்,
வரிசையெல்லாம் பார்க்க மாட்டார்களாம்.
கண்ணாடிப் பாசிதான் என்றேன், எண்ணி வைத்தது என்றேன்.
"வீட்ல யாராவது உள்ளே எதையாவது விட்டாங்களா?"
"இல்ல."
ஒரு தும்மல் தள்ளி நின்ற உண்மை.

அவர் எடுத்ததும் முனை வளைந்த கம்பிதான்.
என் ஊசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது.
ஆனால் அவர் நெற்றியில் விளக்கு இருந்தது.
தலையைப் பிடிக்க ஒரு நர்ஸ் இருந்தாள்.
அவர் அவனுடைய அம்மா இல்லை.

பீங்கான் தட்டில் டிக்கென்று விழுந்தது.

எழுந்தவளை உட்காரச் சொன்னார்.
"ஒண்ணுல வெச்ச பிள்ளை
இன்னொண்ணுலயும் வெச்சிருக்கும். மூக்கையும் பாத்துடலாம்."

மூக்கு சுத்தம்.
இடது காதிலிருந்து
கறுத்து, மெழுகேறி, ஒரு ரப்பர் துண்டு வந்தது,
எழுத்தழிக்கிற ரப்பர்.
"எப்ப வெச்ச தம்பி?"
"எல்.கே.ஜி.ல."
இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு.

டைரியில் சிவப்பு மையில் மூன்று முறை வந்திருக்கிறது:
கூப்பிட்டால் கவனிப்பதில்லை.
சோற்றுத் தட்டோடு நின்று நானும் கத்தியிருக்கிறேன்,
எருமைமாடே, காது இல்லையா என்று.
முறுக்கியும் இருக்கிறேன்.
நான் வலக்கைக்காரி.
எதிரே நிற்கிற பிள்ளையின் இடது காதுதான்
என் கைக்கு வாகாக வரும்.

திரும்பி வரும்போது
அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டேன்.
"பசிக்குதாடா?"
"கத்தாதம்மா" என்றான்.

இரவு பாசியைச் சோப்புப் போட்டுக் கழுவி
மயிலின் கழுத்தில் அதன் இடத்தில் வைத்தேன்.
பெண் வீட்டுக்குச் சொல்லப் போவதில்லை.
பிறகு கிண்ணத்துக்கு ஒரு மூடி தேடினேன்.
ஊறுகாய் பாட்டில் மூடி
பொருத்தமாகத்தான் இருந்தது,
இத்தனை நாளும்.