நானூறு மழை

மாநகராட்சி இரண்டாம் மாடியில்
மூன்று கணினிகள்.
ஜெகிலாவினுடையது மழை பெய்யும்.
பத்மதாஸினுடையது பஸ் விடும்.
என்னுடையது வீடு கட்டும்,
பத்து வருஷத்தை ஒன்பது நிமிஷத்தில்.

போன மாசம்வரை ஒன்றோடொன்று பேச்சில்லை,
பாகம் பிரிந்த வீட்டு அடுப்புகள் போல.
அவள் மழையில் என் வீடுகள் நனைந்ததேயில்லை.
இடுப்பளவு வெள்ளத்திலும் அவன் பஸ்கள்
நேரம் தவறாமல் வடசேரிக்குள் நுழைந்தன.

பிறகு கோத்தோம்.
என் கூரைகளில் விழும் வெள்ளம் அவள் ஓடைக்கு.
அவள் ஓடை ததும்பினால் அவன் ரோடு அடைபடும்.
ரோடு அடைபட்ட பக்கம்
என் ஜனம் மனை வாங்க யோசிக்கும்.
முதல் மூன்று ராத்திரி
அவள் மீட்டரில் சொன்னதை
அவன் அடி என்று கேட்டுக்கொண்டான்.
ஒரு மீட்டர் வெள்ளம் ஓரடியாகி
ஊர் முழுக்கப் பிழைத்துக் கிடந்தது.
நாங்களும் சாயா குடித்துக் கைகுலுக்கினோம்.

கேள்வி இதுதான்:
நெடுந்தாழைக் குளத்தின் மேல்பாதியில் மண்ணடித்து
புது பஸ் ஸ்டாண்டு கொண்டுவரலாமா?
கொண்டுவந்தோம், திரையில்.
நெரிசல் குறைந்தது. பத்மதாஸ் மேஜையைத் தட்டினான்.
அப்புறம் ஜெகிலா மழையைத் திறந்தாள்.
ஐப்பசி அடைமழை, கார்த்திகைப் புயல்,
ஒன்றல்ல, நானூறு.

நான் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டேன்.
40817.
பெயர் கிடையாது. வயது முப்பத்தெட்டு,
சொந்த வாகனம் இல்லை, அவ்வளவுதான் தெரியும்.
விடியாத நாலரைக்குக் கோட்டாறிலிருந்து
தோவாளைக்குப் பூவெடுக்கப் போகிறாள்
(பூ என்றது நான்; நிரலில் 'பணி, வகை ஆறு').
நூற்றுப் பன்னிரண்டாவது மழையில்
ஒழுகினசேரியில் நின்றுவிட்டாள்.
முன்னால் வழியில்லை, பின்னாலும் இல்லை.
குடை விரிக்க அவளுக்குத் தெரியாது,
நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.
திரையில் ஏழு மணியானது, ஒன்பதானது,
நடு ராத்திரியும் ஆனது.
நின்றுகொண்டே இருந்தாள்.
'பிழை: வழி காணப்படவில்லை' என்றது கணினி.
யாருடைய பிழை?

கூட்டத்தில் குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.
"கட்டலாமா, வேண்டாமா, ஒத்த வார்த்தையில சொல்லு மக்கா."
"எண்பத்தேழு மழைக்கு ஊர் ரெண்டாப் போகுது சார்."
"அப்போ முந்நூத்திப் பதிமூணுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"
ஆகாதுதான்.
அவருக்கும் கணக்கு வந்தது.
அதற்குமேல் சொல்ல
எங்கள் மூன்று பெட்டியிலும் ஒன்றுமில்லை.
எத்தனை மழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது
கை தூக்குகிறவர்கள் பாடு.
யாரும் தூக்கவில்லை. அடுத்த மாசத்துக்குத் தள்ளினார்கள்.

அன்று ராத்திரி எல்லோரும் போனபிறகு
நிரலில் ஒரு வரி சேர்த்தேன்:
வழி இல்லையென்றால், ஒதுங்கக் கிட்டத்தில் ஒரு கூரை.
காலையில் பத்மதாஸ் பார்த்துவிட்டுச் சிரித்தான்.
"இதனால முடிவு மாறாது, தெரியும்லா?"
மாறவில்லை.
எண்பத்தேழு, எண்பத்தேழாகவே இருந்தது.