வாய்ப்பாட்டு இல்லை

நீடாமங்கலம் கேட் மூடிவிட்டது.
எனக்கு முன்னால் வைக்கோல் லாரி, அதற்கு முன்னால்
கும்பகோணம் பஸ், அதற்கு முன்னால் யாரென்று தெரியவில்லை.
எஞ்சினை அணைத்தேன்.
பின் சீட்டில் அறுவடை மெஷினுக்கு ஆறு பேரிங், ஒரு பெல்ட்.
வலங்கைமானில் ஒருவர் வரப்பில் நின்று
என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். திட்டட்டும்.

காலையில்தான் வாங்கிப் போனில் இறக்கினேன்.
ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு.
மூல நாடாவைத் தேடியெடுத்து, துடைத்து,
இரைச்சலைக் களைந்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள்.
அட்டையில் பேர் இருக்கிறது, வாசித்த நாலு பேரின் பேரும்,
என் நாக்குக்குச் சிக்காத மெய்யெழுத்துகள்.
எங்களுக்கு அதன் பேர் வேறு.
கூத்தாநல்லூர் ஜபருல்லாவின் மாமா
சிங்கப்பூரிலிருந்து சோப்புக்கும் டார்ச்சுக்கும் நடுவில்
சொருகிக் கொண்டுவந்த கேசட் அது.
பிரதி எடுத்துக் கொடுத்த லெட்சுமாங்குடிக் கடைக்காரர்
முழுக்கக் கேட்டுவிட்டு, ஏமாந்த முகத்தோடு
நீல மையில் எழுதினார்:
‘வாய்ப்பாட்டு இல்லை.’

முதல் பாட்டு. பாட்டென்று எப்படிச் சொல்வது,
இருபத்தாறு நிமிடம், ஒரே மூச்சு.
ஆர்கன் எழும்போதே கார் பெரிதாகிவிட்டது.
கேசட்டில் எல்லாரும் ஒரே சாக்குக்குள் இருந்தார்கள்.
இப்போது பேஸ் கிதார் இடப்பக்கம், ஜன்னலோரம்;
டிரம் பின் சீட்டில், பேரிங் டப்பாவுக்குப் பக்கத்தில்.
புல்லாங்குழல் என்று நான் சத்தியம் செய்தது
புல்லாங்குழலே இல்லை, ஏதோ கீபோர்டு.
சரி, போகட்டும்.

ஏழு ஏழாகப் போகும் தாளம்.
தகிட தகதிமி என்று தொடையில் தட்டிக் காட்டியவன் ஜபருல்லா,
யார் வீட்டுக் கல்யாணத்திலோ தவில்காரர் கையைப் பார்த்துக் கற்றது.
கூட்ஸ் வருகிறது. நெல் ஏற்றிய வேகன்
நாலு நாலாகத் தட்டுகிறது.
இருபத்தெட்டில் ஒருமுறை ரெண்டும் சேர வேண்டும்.
எண்ணினேன்.
சேர்ந்தது.

பிறகு அந்த இடம், பதினோராம் நிமிடம்.
எல்லாரும் நிறுத்துவார்கள். ஒரு ‘கிரீச்’.
மறுபடி ஆரம்பிப்பார்கள்.
பறவை என்றேன் நான், வேண்டுமென்றே வைத்தது.
டிரம்காரன் பெடலுக்கு எண்ணெய் போடலை என்றான் அவன்.
பந்தயம் பன்னிரண்டு புரோட்டா, சால்னா தனி.
தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல் வழக்கு இழுத்தது:
அவன் கல்யாணம், என் கடை, அவன் பினாங்கு போனது,
ஒரு பெருநாளைக்கு நான் கூப்பிட மறந்தது,
அடுத்த பெருநாளைக்கு வெட்கம்.

இப்போது கேட்கிறது. சந்தேகமே இல்லை.
இரும்பு. காய்ந்த இரும்பு கெஞ்சுகிற சத்தம்.
சத்தத்தை வைத்தே எந்த ஷாஃப்ட் என்று சொல்வேன் என
இருபது வருடமாக ஊரெல்லாம் பீற்றுகிறவன் நான்.

கடைசி நாலு நிமிடம் எனக்குத் தெரியாது.
எங்கள் கேசட்டில் இருபத்திரண்டாம் நிமிடம்
கிதார் ஏறிக்கொண்டே போகையில் ‘டக்’.
ஜபருல்லா ஒருநாள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டான்.
அப்புறம் அவன் குரல்:
“டேய், இது சுத்துதா? சுத்துதுடா. நிறுத்து, நிறுத்து.”
பின்னால் ஒரு சைக்கிள் மணி.
அதுதான் முடிவு.
முன்னூறு தடவை கேட்டிருப்போம். ஒரு தடவைகூட
அது வாசிப்பில் சேராது என்று தோன்றியதில்லை.

இருபத்திரண்டு. கிதார் ஏறுகிறது.
என் வாய் தானாகத் திறந்து
“டேய், இது சுத்துதா” என்றது.
கிதார் காத்திருக்கவில்லை. மேலே போனது,
நான் பார்த்தேயிராத மாடிக்கு. அங்கிருந்து
ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு
கடைசியில் ஆர்கன் மட்டும்,
மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில்
கொஞ்ச நேரம் ஓடுமே, அப்படி.
அழகுதான். குறை சொல்ல முடியாது.
துடைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்.
ஆனால் அட்டையில் நாலு பேர்தான் போட்டிருக்கிறார்கள்.

பழைய நம்பருக்கு அனுப்பினேன்:
‘பெடல்தான். பன்னிரண்டு பாக்கி.’
ஒரு டிக்.

கேட் தூக்கிவிட்டார்கள். பின்னால் ஹாரன்.
வைக்கோல் லாரி நகரவில்லை,
டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.
பதினோராம் நிமிடத்துக்கு
மறுபடி வைத்தேன்.