இருநூற்றுப் பன்னிரண்டாவது விளக்கு

டிசம்பர் எங்கள் வீட்டுக்கு
ஜூலையிலேயே வந்துவிடும்.
ஏரிக்காற்றுக்குக் கராஜ் கதவைத் திறந்துவைத்து
பிளாஸ்டிக் பட்டைகளில் துளை போடுவாள் மார்லிஸ்.
துளைக்கொரு விளக்கு,
கட்டைவிரலால் அழுத்த வேண்டும்,
ஆறாயிரத்து நானூறு முறை.
ஆகஸ்டில் அந்த விரல் என்ன பேசும் என்பதை
இங்கே எழுத முடியாது.

டுலூத் துறைமுகத்தில் முப்பது வருடம்
கிரேன் ஓட்டியவன் நான்.
இப்போது ஏணி பிடிக்கிறேன்.
பதவி உயர்வு என்கிறாள்.

ஒரே கம்பியில்தான் போகிறதாம்
எல்லோருக்குமான சேதி.
முதல் விளக்கு தன் பங்கை எடுத்துக்கொண்டு
மீதியைப் பக்கத்து விளக்கிடம் தள்ளும்.
அது தன் பங்கை எடுத்து அடுத்ததிடம்.
பந்தியில் வாளி நகர்வதுபோல.
நடுவில் ஒன்று செத்தால்
அதற்கப்பால் உட்கார்ந்திருக்கும் அத்தனையும் பட்டினி.

இருநூற்றுப் பன்னிரண்டு செத்தது
நன்றி நாள் விருந்தன்று.
அணில் கடித்ததோ, ஈரம் இறங்கியதோ.
அடுப்பில் வான்கோழி,
கூரை விளிம்பில் மார்லிஸ்,
கீழே பனியில் புதைந்த என் பூட்ஸ்.
கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு
வயரை வெட்டினாள்,
பழைய பையொன்றிலிருந்து வேறொரு விளக்கை ஒட்டினாள்.
மூன்று சொட்டு ஈயம்.
வான்கோழி கருகித்தான் போனது.
கூரை முழுதும் வெள்ளையாய் எரிந்தது.
சரி, இறங்கு என்றேன்.

முதல் இரவு.
முகப்பு விளக்கை அணைத்துவிட்டு
பதினொரு கார்கள் தெருவில்,
எல்லாவற்றிலும் எங்கள் வானொலி அலைவரிசை.
மணியோசை எழ, கூரை சிவந்தது.
ஒன்று மட்டும் பச்சை.

அந்தப் பையின் விளக்குகளுக்கு
எழுத்துக்கள் இடம் மாறிய அகராதி.
சிவப்பு என்றால் பச்சை என்று கேட்கும்,
பச்சை என்றால் சிவப்பு என்று.
நீலத்திலும் வெள்ளையிலும் குட்டு வெளிப்படாது.
பல் மருத்துவமனைக் கணக்கில்
இரண்டு சென்ட் உதைத்தாலே
தூங்காமல் புரள்கிறவள் அவள்.
அன்றிரவு நானும் தூங்கவில்லை.

விடிந்ததும் ஏணியை எடுக்கப் போனேன்.
வேண்டாம், உட்காரு.
கணினியில் ஒரே ஒரு வரி:
இருநூற்றுப் பன்னிரண்டுக்கு மட்டும்
சொல்லைப் புரட்டிச் சொல்.
அன்று மாலை கூரை
பிசிறில்லாமல் சிவந்தது.
அவள் காபி குடித்தாள்.

எதிர்வீட்டு பெக்கா லாத்தினன்
நான்கு வருடமாய் எங்களோடு பேசியதில்லை.
கார் நெரிசலுக்காக நகராட்சிக்கு இரண்டு கடிதம்,
ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு கம்பளி.
இதுதான் அவர் எங்களுக்குத் தந்த மொழி.
மூன்றாம் இரவு, கார்கள் போன பிறகு,
வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து வந்தார்.

"அந்தப் பச்சையை எடுத்துட்டீங்களா?"

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள் மார்லிஸ்,
பழைய பை, தவறான வரிசை, இப்போது சரிசெய்தாச்சு...
அவர் தலையசைத்தபடி நின்றார்.
"கம்பளி ஓரமா ஒரு விரல் இடைவெளி.
கட்டில்லேர்ந்து பாத்தா
அது ஒண்ணுதான் தெரியும்.
மத்த எல்லாம் எனக்குச் சுவத்துல வர்ற வெளிச்சம்."
பிறகு ஏதோ அதிகம் பேசிவிட்டவர்போல
பனியைச் செருப்பால் ஒதுக்கினார்.
"நான் கம்பளியைக் கழட்ட மாட்டேன்" என்றும் சொன்னார்.
போய்விட்டார்.

மார்லிஸ் உள்ளே போனாள்.
அந்த ஒரு வரியை அழிக்க
அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.
அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

ஜனவரியில் எல்லாவற்றையும் கழற்றி
சுருள் சுருளாய்ப் பெட்டியில் அடுக்கினோம்.
பழைய பையில் மிச்சம் ஏழு விளக்குகள்.
குப்பைக்குத்தானே என்று கேட்டேன்.
பதில் இல்லை.
ஒரு பிஸ்கட் டப்பாவில் ஏழையும் போட்டு
மூடிமேல் மார்க்கரால் எழுதினாள்:
பெக்கா.