மூச்சைப் பிடி

எக்ஸ்ரே அறையில் என் வேலை மூன்று வாக்கியம்.
அசையாதீங்க.
மூச்சைப் பிடிங்க.
விடலாம்.
தோட்டப்பாளையத்து ஸ்கேன் சென்டரில்
ஒரு நாளைக்கு எண்பது பேருக்காவது சொல்கிறேன்.
தாட்சாயிணிக்கு மட்டும் சொல்லத் தேவையில்லை.

அவளுடைய முதல் படம் பிலிமில் விழவில்லை.
நேதாஜி மார்க்கெட், காலை ஏழு மணி.
என் அம்மாவின் கீரைக்கட்டுகளுக்குப் பின்னால்
நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.
எதிரே லாரி.
அவள் அப்பாவின் முதுகிலிருந்து
ஒரு வெங்காய மூட்டை சரிகிறது.
ஆறாம் வகுப்புச் சீருடை ஒன்று
அதன் அடியில் புகுந்து
வயிற்றால் முட்டுக் கொடுத்து நிற்கிறது.
ஐம்பது கிலோ.
யாரும் கைதட்டவில்லை.
"ஏய் பொண்ணு, ஓரமா போ"
என்றது கணக்குப் பிள்ளையின் குரல்.

சத்துவாச்சாரியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை.
மே மாதம் கம்பியைத் தொட்டால்
தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி.
ஈரத்துண்டால் துடைத்துத் துடைத்துத் தூக்கினோம்,
அவளும் நானும்.
என் உள்ளங்கை உரிந்தபோது நான் ஊதினேன்.
அவள் உரிந்ததைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு
மறுபடி சாக்குப்பொடியில் கை விட்டாள்.

போட்டிக்கு முந்தைய நாள்
எடை நானூறு கிராம் அதிகம்.
ரங்காபுரம் சர்வீஸ் ரோட்டில்
இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினாள்.
பைபாஸ் லாரிகள் ஹாரன் அடித்துச் சிரித்தன.
ராத்திரி முழுக்க ஒரு சொம்பில் எச்சில் துப்பினாள்.
முறத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா கேட்டாள்:
"நானூறு கிராம்னா எத்தினி பீடிடி?"

திருப்பத்தூரில் மூன்று முயற்சி.
மூன்றும் சிவப்பு விளக்கு.
முடிவுத்தாளில் அவள் பெயருக்கு நேரே
எண் இல்லை, ஒரு கோடு.
திரும்பும் வழியில் ஆம்பூரில் பஸ் நின்றது.
இறங்கிப் போய் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டாள்,
எலும்பையும் விடாமல்.
அழுவாள் என்று கைக்குட்டையோடு இருந்தவள் நான்.

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.
டிப்ளமோ, வெள்ளைக் கோட்டு, ஈயக் கவசம்.
கவசம் ஆறு கிலோ.
சில நாள் அதை மாட்டும்போது
தோள் எதையோ ஞாபகப்படுத்தும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
வரிசையில் முப்பத்தேழாவது ஆளாக வந்தாள்.
இடது மணிக்கட்டு.
திரையில் கறுப்பு, கறுப்புக்குள் வெள்ளை,
வெள்ளைக்குள் தலைமுடி அளவு ஒரு கோடு.
அதே கோடு, என்று நினைத்தேன்.
"எவ்ளோ நாளு?"
"டாக்டர் சொல்லுவார்."
"நீ சொல்லு."
"மூணு மாசம்."
தலையாட்டினாள்,
கூலி பேரம் படிந்தவளைப் போல.

மாவுக்கட்டோடு
ஹவுசிங் போர்டு மாடிப்படியில்
ரேஷன் அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு
ஏறினாள், இறங்கினாள்.
மூன்றாம் மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
மார்க்கெட்டிலிருந்து வந்த அப்பா
கீழ்ப்படியில் உட்கார்ந்து பார்த்தார்.
"கூலி இல்லாத சொமைய இன்னாத்துக்குமா தூக்கற?"
அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.
அடுத்த பிலிமில் கோடு மங்கியிருந்தது.
போயிருக்கவில்லை.

போன மாதம், இங்கேயே, உள்ளரங்கில்.
இரண்டு முயற்சி போய்விட்டது.
மூன்றாவது தலைக்கு மேலே நிற்கிறது.
இடது முழங்கை நடுங்குகிறது.
அரங்கில் எல்லோரும் கம்பியைப் பார்க்க
நான் மட்டும் தோலுக்குள்ளே பார்க்கிறேன்
அந்தக் கோட்டை.
பின் வரிசையில் அவள் அப்பா,
இடுப்பில் மூட்டைக் கொக்கி,
"போட்டுடும்மா, போதும், போட்டுடு"
என்று வாய்க்குள்ளே.
அவருக்குத் தெரிந்த சுமையெல்லாம்
இறக்குவதற்காகத் தூக்கியவை.

மணி ஒலித்தது.
இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு.
ஐந்தாம் இடம்.
தாளில் அவள் பெயருக்கு நேரே
ஓர் எண்.
அவள் மேடைக்கடியில் குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தட்டி
"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார்.
அப்போதுதான் தெரிந்தது,
எனக்கு யாரும் இன்னும்
"விடலாம்" என்று சொல்லவில்லை.