எட்டு நரம்பில் ஒன்று

இரவு பதினொன்றுக்குத் தொடங்கியது.
டாய் செங்கில், ஏழாம் மாடியில்,
சரக்கு மின்தூக்கி மட்டும் நிற்கிற தளத்தில்
ஏசி குளிருக்குத் தலையோடு சால்வை போர்த்தி
நான் ஒருத்தி.

ஒரு கண் மருத்துவமனையின் ஒரு வாரம்:
நானூறு கிகாபைட் விழித்திரைகள்.
வட்டம் வட்டமாய், செம்மஞ்சளாய்,
உள்ளே ஆறுகள் ஓடுகிற மாதிரி.
பெயர் கிடையாது. எண்தான்.
வலது. இடது.
விடிவதற்குள் காப்பு சர்வருக்குப் போய்ச் சேரவேண்டும்.

நொடிக்குப் பதினொரு மெகாபைட்.

கணக்குப் போட்டேன். காலை ஒன்பதாகும்.
அங்கே எட்டரைக்குக் கதவு திறந்து
முதல் ஆளுக்குச் சொட்டு மருந்து விட்டு
முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்வார்கள்.
போன வாரம் அந்த நேரத்தில்தான்
படம் பாதி வந்து உறைந்ததாம்.
டாக்டர் ஃபாங் சொன்ன வார்த்தையை
மேலாளர் எனக்கு அப்படியே அனுப்பியிருந்தார்,
ஒரு எழுத்தும் குறைக்காமல்.

சுருக்கி அனுப்பிப் பார்த்தேன்.
படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை;
பிழிந்த துணியை மறுபடி முறுக்கினால்
கைதான் வலிக்கும்.
பூட்டின் கனத்தைக் குறைத்தேன்.
பதினொன்று.
ஒரு வரிசையை நாலாகப் பிரித்தேன்.
நாலும் கூட்டி
பதினொன்று.
பொட்டலத்தைப் பெரிதாக்கினேன்,
ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஒன்பதாயிரத்துக்கு.
நடுவே இருந்த பழைய சுவிட்ச்
அத்தனை பெரிய கவளத்துக்கு வாய் திறக்க மாட்டாமல்
எல்லாவற்றையும் கீழே போட்டது.
பூஜ்யம்.
அவசரமாய்ப் பழையபடி மாற்றி வைத்தேன்.
பதினொன்று திரும்பி வந்தபோது
எனக்கு நன்றியுணர்ச்சி வந்தது. அதற்காக
இப்போதும் வெட்கப்படுகிறேன்.

வட்டைச் சந்தேகப்பட்டேன். மென்பொருளைத் திட்டினேன்.
எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்து
பெர்த்துக்குப் போய்விட்ட வின்சென்டை
நன்றாகத் திட்டினேன்.

இரண்டு மணிக்கு ஸுல்ஹைரி ரோந்து வந்தான்.
"மிஸ் அரசி, மின்தூக்கியைப் பூட்டிடவா?"
கையிலிருந்த டார்ச் பேச்சோடு அசைந்து
அடுக்கின் பின்பக்கம் ஒரு கணம் விழுந்தது.
பத்துப் பதினைந்து பச்சைப் புள்ளிகள்.
ஒன்று மட்டும் மஞ்சள்.

மூன்று மணி நேரமாக மின்னிக்கொண்டிருந்தது.
மின்னுகிறதே என்று இருந்துவிட்டேன்.

தரையில் படுத்துப் பார்த்தால்
எப்போதோ யாரோ அடுக்கைத் தள்ளியதில்
சக்கரம் கேபிளின் மேல் ஏறி நிற்கிறது.
உள்ளே எட்டு நரம்பு. ஒன்று போயிருக்கும்.
ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும்; நூறுக்கு நாலு போதும்.
இரண்டு முனைகளும் தமக்குள் பேசி
நூறென்று ஒப்புக்கொண்டிருக்கின்றன,
எச்சரிக்கை இல்லை, சத்தம் இல்லை,
எத்தனை மாதமாகவோ.

சிம் லிம் டவரில் வாங்கிய நீலக் கேபிள்
பையில் எப்போதும் கிடக்கும். இரண்டு வெள்ளி ஐம்பது காசு.
பிடுங்கினேன். நின்றது.
செருகினேன். விட்ட இடத்தைத் தடவித் தேடி
பிடித்துக்கொண்டது.

நூற்றுப் பன்னிரண்டு.

"சரியாயிடுச்சா?" என்றான் ஸுல்ஹைரி.
என்ன சரியானது என்று கேட்காமல்
பூட்டப் போய்விட்டான்.

மூன்றடிக்கப் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.
சோதனைக்கு ஒரு படத்தைத் திறந்தேன்.
இடது கண். நடுவில் ஒரு சிறு வெள்ளைக் கறை.
நோயா, வெளிச்சமா, எனக்குத் தெரியாது.
ஈசூனிலோ பிடோக்கிலோ
அது இப்போது மூடியிருக்கும்.

முதல் ரயிலுக்கு இரண்டரை மணிக்கு மேல் இருந்தது.
மிச்சம் பிடித்த நேரத்தை வைத்துக்கொண்டு
ஃபிளாஸ்க்கின் மூடியில் ஆறிப்போன கோப்பி குடித்தேன்.
அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில்
தேர்ந்தெடுக்கப் பட்டியல் ஒன்று இருந்தது.
அதில் சக்கரம் இல்லை.
'மற்றவை' என்று அழுத்தினேன்.

ஏழு மணிக்கு, செராங்கூனில் ரயில் மாறும்போது
மேலாளரின் செய்தி:
எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிந்தது?
ஏதாவது விட்டுப்போயிருக்கும். பாருங்கள்.

படிக்கட்டில் நின்று
மறுபடி எண்ணத் தொடங்கினேன்,
வலது, இடது.