ஏழாம் கேள்வி

மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது,
மீன்கறி வாசம் ஏறிய தாளில்:
குவியத் தூரம் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
பொருள் எட்டில் நிற்கிறது.
பிம்பம் எங்கே?

எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.
இருக்கிறதா என்று கேட்கவில்லை.

பகலில் நான் பாயான் லெப்பாஸில்
கேமரா வில்லைகளை விளக்கின்கீழ்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள்.
கீறல், குமிழ், தூசு. தள்ளு. அடுத்தது.
ஷிப்டுக்குத் தொள்ளாயிரம்.
ஒன்பது வருடத்தில் எந்த வில்லையின் வழியாகவும்
எதையும் பார்த்ததில்லை.
வில்லையைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரவில், குளுகோர் பிளாட்டின் பதினான்காம் மாடியில்,
முப்பத்து நான்கு வயதில்,
எஸ்.டி.பி.எம். தனியார் பரீட்சார்த்தி.

பன்னிரண்டில் ஒன்றிலிருந்து
எட்டில் ஒன்றைக் கழிக்க வேண்டும்.
சிறியதிலிருந்து பெரியதை.
தலைகீழாக்கினால் கழித்தல் இருபத்து நான்கு.
அழித்தேன். மறுபடி போட்டேன்.
கழித்தல் இருபத்து நான்கு.
தாள் ஓட்டையாகும்வரை அழித்தேன்.

கழித்தல் குறியை எனக்குச் சம்பளச் சீட்டில் தெரியும்:
கூட்டுறவுக் கடன்,
மழையில் பஸ் வராத பதினேழு நிமிடம்.
இருந்த ஒன்று இல்லாமல் போவது அது.
அந்தத் தூரத்தில் போய் எப்படி ஒரு சுடர் நிற்கும்?

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில்
ஐந்து வெள்ளிக்கு ஒரு பூதக்கண்ணாடி.
பாலத்து விளக்குகளைச் சுவரில் கவிழ்த்து இறக்கி
அளந்தேன். பதின்மூன்று.
ஸ்கேலின் முதல் சென்டிமீட்டர் உடைந்துபோனது,
ஆகவே பன்னிரண்டு.
ஒரு தடவையாவது கழித்தல் உதவியது.

சுடர் ஆடக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி
வியர்த்துக்கொண்டே வைத்தேன்.
பதினெட்டில் மெழுகுவத்தி; முப்பத்தாறில், தாளில்,
வௌவால்போல் தொங்கியது இரட்டிப்புச் சுடர்.
மலாய்ப் புத்தகம் இதை 'சொங்சாங்' என்கிறது.
சொல்லிலேயே ஏதோ கவிழ்கிறது.

பிறகு பன்னிரண்டில்.
தாளைப் பிடித்தபடி பின்னால் நடந்தேன்.
சோபா. சாப்பாட்டு நாற்காலி. செருப்பு அலமாரி.
கதவைத் திறந்து நடைபாதைக்கே வந்துவிட்டேன்.
ஒரு மங்கல் வட்டம் மட்டும்,
எங்கேயும் குவிய மறுத்து.

மணி பதினொன்றே முக்கால்.
லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள் பக்கத்து வீட்டு சுவா லீ பெங்,
கையில் சார் கொய்த்தியோ பொட்டலம்.
"சாரி ஆப்பா?" என்ன தேடுகிறாய்?
பிம்பம், என்றேன் மலாயில்.
தொலைந்துவிட்டதா?
இல்லை, முடிவிலிக்குப் போய்விட்டது.
யோசித்தாள்.
"லிஃப்ட் இருபதாம் மாடிவரைதான்" என்றாள்.

உள்ளே வந்தாள். மெழுகுவத்தியை எட்டுக்கு நகர்த்தினேன்.
தாளில் வெறும் வெளிச்சக் கறை.
நான் தாளையே முறைத்துக்கொண்டிருந்தேன்.
எந்தப் பரீட்சையும் எழுதப்போகாத அவள்
குனிந்து, வில்லைக்கு நேராகக் கண்ணை வைத்தாள்.

"அடா!"

மலாயில் அதற்கு 'இருக்கிறது' என்று பொருள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு இரண்டும் கேட்டது.

நானும் குனிந்தேன்.
மும்மடங்குச் சுடர், நிமிர்ந்து,
மெழுகுவத்திக்கும் பின்னால்,
தாளை வைத்தால் எதுவும் விழாத இடத்தில்.
'இமேஜ் மாயா' என்கிறது புத்தகம்.
அகராதி வேண்டியிருக்கவில்லை.

வில்லையின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது.
தள்ளவில்லை.

கழித்தல் இருபத்து நான்கு என்று எழுதினேன்,
இந்த முறை பேனாவில், ஓட்டைக்குப் பக்கத்தில்.
லீ பெங் ஆறிப்போன பொட்டலத்தைப் பிரித்து
எனக்கும் பாதி ஒதுக்கினாள்.
மின்விசிறியைப் போட்டதும் சுடர் அணைந்தது.

எட்டாம் கேள்வியில்
இரண்டு வில்லைகள்.